முப்பத்து நான்கு அடி காணோம்

பொதிகை எக்ஸ்பிரஸ் என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டுப் போனபோது பால்காரர்கள் மட்டுமே விழித்திருந்தார்கள். பால்கோவாவால் பெயர் வாங்கிய ஊரில் அவர்கள்தானே முதலில் எழ வேண்டும். ஆட்டோ பிடித்துக் கோயில் பக்கம் வந்தேன். பதினோரு நிலைக் கோபுரம் இருட்டுக்குள் இன்னும் கெட்டியான இருட்டாக நின்றது. டீக்கடைக்காரரிடம் அதன் உயரம் கேட்டேன்.

“நூத்தித் தொண்ணூத்திரெண்டு அடி” என்றார், டீ ஆற்றும் கையை நிறுத்தாமல்.

“அளந்து பார்த்திருக்கீங்களா?”

“அதை எதுக்குங்க அளக்கணும்? அதான் எல்லாரும் சொல்றாங்கள்ல?”

நான் வந்ததே அதை அளப்பதைப் பார்க்கத்தான். இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அரசுப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருக்கும் நண்பர் போன வாரம் போனில் கூப்பிட்டிருந்தார். “அண்ணே, சனிக்கிழமை எங்க பத்தாங்கிளாஸ் பிள்ளைக ஆண்டாள் கோயில் கோபுரத்தை அளக்கப் போகுதுக. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” செல்போனை வைத்தா என்று கேட்டேன். “போன வச்சும்தான், கயித்த வச்சும்தான்” என்றார். அந்த ‘கயித்த வச்சும்’தான் என்னை டிக்கெட் எடுக்க வைத்தது. வகுப்பறையில் தொழில்நுட்பம் என்று இதற்கு முன் எனக்குக் காட்டப்பட்டவை பெரும்பாலும் திறப்பு விழாக்கள். ரிப்பனுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்கு முன்னால் கைதட்டல்.

வெள்ளிக்கிழமை என்பதால் முதலில் பள்ளிக்கூடம். இராஜபாளையம் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, ஏதோ பில்லைச் சரிபார்த்தார். மூடியில் தேய்ந்துபோன அரசு முத்திரை. கேட்டதும் சிரித்தார். பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கியது, இரண்டு தடவை பேட்டரி மாற்றியாகிவிட்டது, சத்திரப்பட்டியில் அவர்கள் வீட்டு விசைத்தறிகளின் வரவுசெலவு முழுக்க இதில்தான் இருக்கிறது. சத்திரப்பட்டி என்றால் பேண்டேஜ் துணி. அந்த வட்டாரத்தில் தறிச் சத்தம் இல்லாத தெருவைத் தேட வேண்டும். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைப் பற்றி ஏளனமாக எழுதியவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில் எழுதினேன். படம் பார்ப்பார்கள், விற்றுவிடுவார்கள் என்றெல்லாம். சிலர் விற்றார்கள்தான். இவர் விற்கவில்லை.

அந்த முத்திரையில் இருக்கும் கோபுரம் எங்கள் ஊருடையது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் தீராத பெருமை. வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரைக்காரர், அவர் வரைந்தது மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைத்தான் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை. பேருந்தில் இருந்தது பத்துப் பதினைந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள்.

பள்ளிக்கூடம் மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்தது. மேற்கே திரும்பினால் மலை கண்ணை முழுக்க அடைத்துக்கொள்கிறது. நண்பர் வாசலில் நின்றார். வரவேற்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். ஒரு கையால் என் தோளைத் தட்டிக்கொண்டே மறு கையால் செல்போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். “ஒரு நிமிஷம்ணே. அட்டெண்டன்ஸ் ஏத்தணும். இந்த வாதாமரத்தடியிலதான் டவர் கிடைக்கும்.” அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று ஆசிரியைகள், மூன்று போன்கள். சுற்றிச் சுற்றி வந்த சக்கரம் ஒரு வழியாக நின்றது. மணி அடித்துப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

“நான் கணக்கு வாத்தியார்ண்ணே. ஆனா பாதி நேரம் கணக்கு எழுதுற வாத்தியார்” என்றார். யார் வந்தார்கள், யாருக்குச் செருப்பு கொடுத்தோம், யாருக்குப் பை கொடுத்தோம், எந்தப் பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண் என்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். வகுப்பறைக்குள் வந்த முதல் கணினி வேலை கற்பிப்பதற்கு உதவியதா, மேலே தகவல் அனுப்ப உதவியதா என்று தமிழ்நாட்டின் எந்த ஆசிரியர் ஓய்வறையில் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். தகவல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளையைத் தேடிப் பிடிக்க அந்தப் பட்டியல்தான் உதவுகிறது என்று அதே ஆசிரியைகளில் ஒருவர் சொன்னார். அதை ஏற்ற ஒரு ஆள் இருந்தால் போதும் என்பதுதான் அவர்களுடைய மனு.

இரண்டாம் பாடவேளை எட்டாம் வகுப்பில் அறிவியல். மாநிலத்தில் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்ததுபோல இங்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் ஒன்று உண்டு. அங்கே பிள்ளைகளை மூன்று மூன்று பேராக உட்கார வைத்திருந்தார் அறிவியல் டீச்சர். திரையில் ஒரு மின்கலம், ஒரு பல்பு, கொஞ்சம் கம்பி. இழுத்து இணைத்துச் சுற்று அமைக்க வேண்டும். இது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஃபெட்’ என்ற இலவசக் கருவி. 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே தொடங்கிவைத்தது. நம் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதியிலும் இதற்கான சுட்டிகள் உண்டு.

ஒரு பையன் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு, மின்கலத்தின் இரண்டு முனைகளையும் கம்பியால் நேரே கோத்தான். திரையில் மின்கலம் தீப்பிடித்து எரிந்தது. “டீச்சர், எரியுது!” ஆய்வகம் முழுக்கக் கூச்சல். அடுத்த இரண்டு நிமிடத்தில் எல்லாத் திரையிலும் தீ. திட்டுவார் என்று பார்த்தேன். டீச்சர் கரும்பலகைப் பக்கம் போய், “ஏன் எரிஞ்சுச்சு? பல்பு இருந்தப்போ ஏன் எரியல?” என்று மட்டும் எழுதிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த வகுப்பில் அதற்குமேல் அவர் அதிகம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து நிஜ பேட்டரியும் டார்ச் பல்பும் எடுத்துக் கொடுத்தார். நிஜத்தில் செய்யக் கூடாததைத் திரையில் செய்து பார்த்துவிட்டு நிஜத்துக்கு வந்தார்கள். கணினி இல்லாமல் இந்தப் பாடத்தை இவ்வளவு நன்றாக நடத்த முடியாது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதே பள்ளியில், பக்கத்து அறையில், ஒரு காணொளியும் ஓடிக்கொண்டிருந்தது. அழகான படம், தெளிவான தமிழ், நல்ல பின்னணி இசை. நாற்பது பிள்ளைகளும் அப்படியொரு அமைதி. அந்த அமைதியை நான் நம்பவில்லை. வெளியே வந்த ஒரு சிறுமியிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். “திமிங்கலம் சார்” என்றாள். பாடம் சுவாசம்.

2018-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களில் விரைவுக் குறியீடு அச்சிட்டு வந்தது பலருக்கு நினைவிருக்கும். திக்‌ஷா செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தால் பாடத்தின் காணொளி வரும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது இரண்டும் ஏற்கெனவே கையில் இருந்தது தமிழ்நாட்டின் அதிர்ஷ்டம்தான். ஆனால் இராஜபாளையம் போன்ற மில் ஊரில் அந்தக் காலம் வேறு மாதிரி ஓடியிருக்கிறது. மதியச் சாப்பாட்டின்போது தமிழாசிரியை சொன்னார்: “வீட்ல ஒரு போன்தான் சார். அப்பா காலை ஷிப்டுன்னா போனும் காலை ஷிப்டு. நான் வாட்ஸ்அப்ல பாடம் போட்டா பதில் ராத்திரி பதினோரு மணிக்கு வரும். ஒருத்தி எழுதுனதை போட்டோ எடுத்து அனுப்புவா, பின்னாடி தறி ஓடுற சத்தமும் வாய்ஸ் மெசேஜ்ல கேக்கும்.” மொத்த வகுப்பில் எத்தனை பேர் அப்படிப் பதில் அனுப்பினார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதைக் கேக்காதீங்க சார்.”

இப்போது அவர் எல்லாக் காணொளிகளையும் வீட்டில், தன் டேட்டாவில் இறக்கி, பென் டிரைவில் போட்டு எடுத்து வருகிறார். பள்ளியில் இணையம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது. அவருடைய கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சுருக்குப் பை. அதற்குள் மூன்று பென் டிரைவ், ஒவ்வொன்றிலும் வகுப்பின் எண் எழுதிய பிளாஸ்திரி. பிளாஸ்திரிக்கும் பேண்டேஜுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை.

மதியத்துக்குப் பிறகு நண்பரின் வகுப்பு. மறுநாள் கோபுரத்துக்கான ஒத்திகை. ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து வைத்திருந்தார். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோகன்வார்டர் என்ற மாணவர் 2001-இல் தன் பட்ட ஆய்வுக்காக எழுதத் தொடங்கியது, இன்று உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. சுட்டியால் இழுத்தால் பார்ப்பவர் கோபுரத்தை விட்டு விலகுவார், ஏற்றக்கோணம் குறையும். நண்பர் இழுக்கவில்லை. “இப்ப நான் இவரைப் பின்னாடி தள்ளப் போறேன். கோணம் கூடுமா குறையுமா? ரெண்டு மடங்கு தூரம் போனா கோணம் பாதியாகுமா? எழுதிட்டுக் கையத் தூக்குங்க.” எழுதி முடிக்கும்வரை சுட்டியைத் தொடவில்லை. பாதியாகும் என்று எழுதியவர்கள்தான் அதிகம். இழுத்தார். 45 பாகை இருந்தது. தூரம் இரட்டித்ததும் 26-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. தோற்ற கூட்டத்தின் முகங்களைப் பார்க்க வேண்டுமே! திரையில் தானாக ஓடும் படத்தைப் பார்த்து இந்த முகங்கள் வருவதில்லை. முதலில் பந்தயம் கட்டியிருக்க வேண்டும்.

சாயங்காலம் இராஜபாளையம் நகருக்குள் கொஞ்சம் சுற்றினோம். காந்தி கலை மன்றத்துக்கு முன்னால் நின்றோம். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் சொந்த வீட்டையே கொடுத்து உருவாக்கிய மன்றம் அது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லும் அதன் பின்வந்தவையும் ஊரை நூலால் கட்டியிருக்கின்றன. மில் சங்குக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ராஜூக்கள் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழி புழங்கும் ஊர். பேச்சைத் தட்டச்சாக மாற்றும் செயலி இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கேட்டுத் திணறுவதை நண்பரின் பக்கத்து வீட்டில் நேரிலேயே பார்த்தேன். ஆசிரியர்களின் திணறல் இன்னொரு வகை. 2010-இலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் வினாத்தாள்கள் இன்றும் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டு, அடுத்த கணினியில் திறந்ததும் கொக்கியும் புள்ளியுமாக விழிக்கின்றன. நண்பர் வீட்டில் ஒரு காலாண்டுத் தாள் அப்படித்தான் விழித்தது. அதை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்த்து முடிக்க இரவு பத்தரை ஆனது.

2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுக்கவே கல்வியில் தொழில்நுட்பத்தைப் பற்றியது. இந்தக் கருவி யாருடைய விருப்பப்படி என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்தது. அதே ஆண்டு சுவீடன் அரசு அச்சுப் புத்தகங்களை வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது. திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “அவங்களுக்குத் திகட்டிருச்சுண்ணே. நமக்கு இன்னும் பரிமாறவே ஆரம்பிக்கல.”

சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள் என்பதால் கூட்டம் சேருமுன் ஆறரைக்கே கோபுரத்துக்கு முன்னால் கூடிவிட்டோம். ஒன்பது பிள்ளைகள். இரண்டு செல்போன்களில் சாய்வுமானிச் செயலி. மற்றவர்களிடம் அவர்களே செய்த சாய்வுமானி: பாகைமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரா, நடுப்புள்ளியிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. ஸ்ட்ரா வழியாகக் கலசத்தைப் பார்த்தால் நூல் எங்கே நிற்கிறதோ அதிலிருந்து கோணம். பச்சை நைலான் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சு.

கோபுரச் சுவரிலிருந்து 190 அடி தள்ளி நின்றார்கள். கையால் செய்த சாய்வுமானிகள் 37-இலிருந்து 41 வரை ஆளுக்கொன்று சொன்னது. செல்போன்கள் இரண்டும் 39 என்றன. 39 பாகைக்கு டேன் மதிப்பு 0.8098, பாடநூலின் பின்பக்க அட்டவணையில் பார்த்து ஒரு பெண் கூவினாள். பெருக்கினார்கள். கண்ணின் உயரம் நாலரை அடியைக் கூட்டினார்கள்.

158 அடி.

“சார், முப்பத்து நாலு அடியக் காணோம்.”

மறுபடி அளந்தார்கள். அதே 158. செயலி தப்பு என்றான் ஒருவன். போனைக் கடைக்காரரின் மேசைமேல் வைத்து, பிறகு சுவரோடு நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். பூஜ்யமும் தொண்ணூறும் சரியாகவே வந்தது. வலைத்தளத்தில் 192 என்று போட்டதுதான் தப்பு என்றான் இன்னொருவன். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. நண்பர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். விடை அவருக்குத் தெரியும் என்பது அவர் அடக்கிய சிரிப்பிலேயே தெரிந்தது. எனக்கு அப்போது தெரியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கால்மணி நேரம் போயிருக்கும். அதுவரை கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்ற ஒரு பெண், அதிகம் பேசாதவள், தலையை அண்ணாந்து பார்த்தபடியே சொன்னாள்: “சார், நான் நிக்கிற எடத்துக்கு நேர் மேல கலசம் இல்ல.”

கோபுரம் மேலே போகப்போக உள்ளே ஒடுங்குகிறது. கலசம் இருப்பது அடித்தளத்தின் நடுமையத்துக்கு மேலே. முக்கோணத்தின் மூலை சுவரில் இல்லை, வாசலுக்கு உள்ளே இருக்கிறது. ஜியோஜீப்ராவில் வரைந்த கோபுரம் ஒரே ஒரு நேர்கோடு. அதில் இந்தச் சிக்கல் வரவே வராது.

பிறகு நடந்ததைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் ஓடினார்கள். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு பாட்டி நின்று, “என்னத்தா, கயிறு கட்டுறீங்க? விசேஷமா?” என்றார். “கணக்குப் பாட்டி” என்றாள் ஒருத்தி. “கடன் கணக்கா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். வாசலின் உள்நீளம் ஏறக்குறைய 80 அடி வந்தது, பாதி 40. ஆக 230 அடி. 0.8098-ஆல் பெருக்கி, நாலரை கூட்டி, ஒருவன் தரையிலேயே சாக்பீஸால் எழுதினான்: 190.8.

ஓர் அடிதான் குறைந்தது. அந்த ஓர் அடிக்கும் காரணம் தேடினார்கள். நைலான் கயிறு இழுத்தால் நீளும், அதனால் தூரம் குறைவாகக் காட்டியிருக்கும் என்றான் தறிக்காரர் வீட்டுப் பையன். நூலையும் துணியையும் பார்த்தே வளர்ந்தவன். நண்பர் அவனை அப்படியே பிடித்துக்கொண்டு, கயிறு எவ்வளவு நீண்டிருந்தால் ஓர் அடி குறையும் என்று கேட்டார். அது திங்கட்கிழமைக்கான வீட்டுப்பாடம்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “எவ்வளவு வந்துச்சு?”

“நூத்தித் தொண்ணூத்தொண்ணு” என்றேன்.

“நான்தான் காலையிலயே சொன்னேனே” என்றார். அவர் சொல்லி ஒருநாள் ஆகியிருந்தது.

பிள்ளைகளைப் பேருந்து ஏற்றிவிட்டு, நானும் நண்பரும் பென்னிங்டன் நூலகத்துக்குப் போனோம். 1875-இல் தொடங்கியது, தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு புத்தகம், புத்தகத்தின் மேல் ஒரு செல்போன், செல்போனில் பாடம் நடத்தும் யாரோ ஒருவரின் வாய் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. காதில் ஒயர். நண்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாலைக்குள் ஒன்பது பிள்ளைகளின் வெளிப்பயண விவரத்தை ஏற்ற வேண்டும். அங்கே டவர் நன்றாகக் கிடைத்தது.

பால்கோவா வாங்கிக்கொண்டு இரவு ரயிலைப் பிடித்தேன். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் படம் வந்தது. மடவார் விளாகம் கோயில் கோபுரத்துக்கு முன்னால் அதே ஒன்பது பேரோடு இன்னும் பதினான்கு பேர். இந்தத் தடவை கயிறு நைலான் இல்லை, பருத்தி. கீழே எழுதியிருந்தார்: சாய்வுமானிச் செயலி இலவசம், பாகைமானி அவங்கவங்க பெட்டியில இருந்தது, கயிறு மட்டும் எழுபது ரூபாய் ஆச்சுண்ணே.